அமெரிக்க அரசியலும் நாமும்

(பம்பலப்பிட்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

வலிகாமத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் இரவு பஸ்ஸேறி வந்திருக்கும் கமக்கார அன்பர்களே,

பம்பலப்பிட்டியிலே தமிழர் கூட்டமொன்று கூடினால் பேசுதற்கு நம் சொந்தக் குறைகளுக்கா பஞ்சம்? மொழி, காணி, காணாமற்போனோர், மாகாண சபை என்று விடியுமட்டும் பேசலாமே. அவற்றை விடுத்து அமெரிக்க அரசியலை இழுப்பானேன் என்று உங்களுட் சிலர் முணுமுணுப்பது நம் செவியிலும் விழுகின்றது. காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டிலே கமலா ஹரிஸ் துணை ஜனாதிபதியாகத் தெரிவானபோது மன்னார்குடிக்கு அருகேயுள்ள துளசேந்திரபுரத்தார் பட்டாசு கொளுத்தினர். அது அவருடைய பாட்டனார் பிறந்த ஊர், கொளுத்துவது நியாயமே. ஆனால் ஈழத் தமிழராகிய நாமும் ஏதோ நம் வழக்குக்கு நீதிபதி கிடைத்துவிட்டார் என்பது போல உள்ளம் பூரித்தோம். 2024 நவம்பரில் அவர் தோற்றபோது நம்மிற் பலர் துக்கங் கொண்டாடினர்; வேறு சிலரோ வென்றவர் நமக்கு வழிகாட்டுவார் என்று அடுத்த நாளே கணக்குப் போடத் தொடங்கினர். இந்த மண்டபத்திலிருந்து காலி வீதி வழியே வடக்கே நடந்தால் கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரகம் வருகின்றது. அதன் வாயிலுக்கு நாம் சுமந்து சென்ற மனுக்கள் எத்தனை! மனுக் கொடுப்பது குற்றமன்று. யாரிடம் கொடுக்கின்றோம், அவர் எந்த வீட்டுப் பிள்ளை, அவருக்குப் படியளப்பவர் யார் என்பதை அறியாமற் கொடுப்பதுதான் குற்றம்.

1957 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைவுகூருங்கள். அம்மாதம் 26 ஆம் நாள் இங்கே பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதே மாதத்தில் வாசிங்டனிலே செனற் சபையின் வெளிநாட்டுறவுக் குழுவின் முன்னே ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பெயர் மக்ஸ்வெல் குளக். பெண்களுக்கான ஆடை விற்கும் கடைகள் பலவற்றுக்கு அதிபதி. ஜனாதிபதி ஐசனோவர் அவரை இலங்கைக்குத் தூதுவராக நியமித்திருந்தார். குழுவிலிருந்த செனற்றர் புல்பிறைற் அவரை வினவினார்: சென்ற தேர்தலிலே குடியரசுக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்? இருபதாயிரமோ முப்பதாயிரமோ டொலர் இருக்கும் என்பது விடை. இலங்கையின் பிரதம மந்திரி யார்? அப்பெயர் அவருக்கு நினைவில் வரவில்லை. பண்டாரநாயக்கா என்பது வெள்ளையர் நாவுக்குச் சற்று நீளமான பெயர்தான், ஒப்புக்கொள்வோம். ஆயினும் தாம் எந்த நாட்டுக்குப் போகின்றாரோ அந்நாட்டின் தலைவர் பெயரையாவது கப்பலேறுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருக்கலாமன்றோ! நியமனம் நிற்கவில்லை, அவர் வந்தார், 1958 வரை கொழும்பிலே தூதுவராக இருந்தார்.

குளக்கைப் பார்த்து நகைத்துவிட்டுப் போவது எளிது. அன்று உலகப் பத்திரிகைகள் அதைத்தான் செய்தன. நாம் காணவேண்டியது வேறொன்று. அந்தப் பதவிக்கு ஒரு விலை இருந்தது. விலையைக் கொடுத்தவர் பெற்றுக்கொண்டார். இதிலே யாரும் ஒளித்து மறைக்கவில்லை. கட்சிக்குப் பணம் திரட்டித் தந்தவர்க்குத் தூதுவர் பதவி கொடுக்கும் வழக்கம் இரு கட்சிகளுக்கும் பொதுவானது. முற்போக்காளர் என்று அந்நாட்டிலே தம்மை அழைத்துக்கொள்வோர் நூறாண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுவே: வாக்கு ஒரு நாள் மக்களுடையது, மற்ற நாளெல்லாம் ஆட்சி பணமுடையாருடையது. 1920 இல் சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் போரை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார்; ஒன்பது இலட்சம் பேருக்கு மேல் அவருக்கு வாக்களித்தனர். 2010 ஆம் ஆண்டிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம், கம்பனிகள் தேர்தற் பிரசாரத்திலே தம் விருப்பம் போலச் செலவு செய்யலாம், அதுவும் பேச்சுச் சுதந்திரமே என்று தீர்ப்பளித்தது. பேசியவனைச் சிறையிலிட்ட தேசம், பணப்பெட்டிக்குப் பேச்சுரிமை வழங்கிற்று! இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சரி, அது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்பீர்கள். நம் அடுப்புவரை அது வந்த கதையைச் சொல்கின்றோம்.

கொரியப் போர்க் காலத்தின் பிற்பகுதியிலே அரிசி விலை ஏறிற்று. நாம் விற்கும் இறப்பரின் விலை விழுந்தது. கூப்பன் அரிசியை நம்பி வாழ்ந்த நாடு இது. அமெரிக்காவிடம் கேட்டோம், நம் இறப்பருக்கு நல்ல விலையுங் கிடைக்கவில்லை, நமக்கு வேண்டிய அரிசியும் நாம் தாங்கத்தக்க விலையிற் கிடைக்கவில்லை. சீனா இரண்டையுந் தர முன்வந்தது. 1952 டிசம்பரிலே ஒப்பந்தம் ஆயிற்று: ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 270,000 தொன் அரிசி, பதிலாக 50,000 தொன் இறப்பர், அதுவும் உலகச் சந்தை விலைக்கு மேலான விலையில். பேசி முடித்தவர் வர்த்தக மந்திரி ஆர். ஜீ. சேனநாயக்கா, அவர் பின்னாளிலே தமிழர் விடயத்தில் நடந்துகொண்ட விதம் வேறு கதை, இங்கே அது வேண்டாம். டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசைக் கொம்யூனிஸ்ட் அரசென்று பகைவனுஞ் சொல்லான். ஆயினும் சீனாவுக்குப் போர்ப் பொருள் விற்பவனுக்கு உதவியில்லை என்று அமெரிக்கச் சட்டம் சொல்லிற்று. 1956 வரை அந்த உதவிக் கதவு நமக்குத் திறக்கவில்லை. பசித்தவன் யாரிடம் அரிசி வாங்கவேண்டும் என்பதை இங்குள்ள பாராளுமன்றமன்றி அங்குள்ள காங்கிரஸ் தீர்மானிக்க முற்பட்டது.

அடுத்து எண்ணெய். 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. சோவியத் நாட்டிலிருந்து மலிவாக எண்ணெய் வாங்கி விற்பதற்கென அமைச்சர் இலங்கரத்தினா முன்னின்று செய்த காரியம். 1962 இலே ஷெல், எஸ்ஸோ, கால்ரெக்ஸ் ஆகிய கம்பனிகளின் எண்ணெய் நிலையங்களுட் பலவற்றை அரசு பொறுப்பேற்றது. நட்டஈடு கொடுப்பதில்லை என்று அரசு சொல்லவில்லை. எவ்வளவு, எப்போது என்பதிலேதான் பிணக்கு. அதே ஆண்டிலே அயோவா மாநிலச் செனற்றர் ஹிக்கன்லூப்பர் அமெரிக்க வெளிநாட்டு உதவிச் சட்டத்துக்கு ஒரு திருத்தங் கொணர்ந்தார்: அமெரிக்கருடைய சொத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதத்துக்குள் தக்க நட்டஈட்டுக்கு வழி செய்யாத நாட்டுக்கு உதவியை நிறுத்தியே தீரவேண்டும். ஜனாதிபதி விரும்பினாலும் இரக்கங் காட்ட இடமில்லை. அச்சட்டத்தின் வாள் முதன்முதல் விழுந்தது எந்த நாட்டின் மீதென்று நினைக்கின்றீர்கள்? 1963 பெப்ரவரியில் இந்தச் சின்னஞ்சிறு இலங்கையின் மீது.

அப்போது ஜனாதிபதியாயிருந்தவர் ஜோன் கென்னடி, சனநாயகக் கட்சியார், ஏழை நாடுகளின் நண்பர் என்று பெயர் எடுத்தவர். சட்டத்தைக் கொணர்ந்தவரோ குடியரசுக் கட்சியார். கட்சி எதுவாயினும் கம்பனியின் கணக்குப் புத்தகம் ஒன்றே. 1965 மார்ச்சுத் தேர்தலின் பின் வந்த டட்லி அரசு அவ்வாண்டிலேயே நட்டஈட்டைத் தீர்த்துவைத்தது. உதவி மீண்டும் வந்தது. அந்த அரசிலே நம் தமிழரசுக் கட்சியும் பங்காளியாயிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாகப் பேசியவராக மாட்டோம். டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தத்தின் மாவட்ட சபைகளை அந்த அரசு நமக்குத் தரவேயில்லை. கம்பனிகளுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிற்று. நமக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை.

இனி, முன்னே சொன்ன செனற்றர் புல்பிறைற்றிடம் திரும்புவோம். குளக்கை மடக்கிய மனிதர் என்றவுடன் உங்களுக்கு அவர்மீது பிரியம் உண்டாகியிருக்கும். நமக்கும் உண்டு. அவர் பெயரால் 1946 இல் ஏற்பட்ட புலமைப்பரிசிலிலே இந்நாட்டு அறிஞர் பலர் அமெரிக்கா சென்று படித்தனர். அதற்கான ஆணைக்குழு கொழும்பிலே 1952 முதல் இருக்கின்றது. வியற்நாம் போரை 1966 இல் செனற் சபையிலே பகிரங்க விசாரணைக்குக் கொணர்ந்து, தம் கட்சி ஜனாதிபதியையே எதிர்த்து நின்றவர் அவர். படிப்பும் பண்பும் துணிவும் உடையவர். ஆனால் அவர் எந்த மாநிலத்தவர்? ஆர்க்கன்சா. அதன் தலைநகர் லிற்றில் றொக். 1957 செப்ரெம்பரில் கறுப்பினப் பிள்ளைகள் ஒன்பது பேர் அந்நகரின் உயர்தரப் பாடசாலைக்குள் நுழையாதபடி மாநில ஆளுநர் ஆயுதப் படையை நிறுத்தினார். ஐசனோவர் மத்திய இராணுவத்தை அனுப்பி அப்பிள்ளைகளை உள்ளே அழைத்துச் செல்வித்தார். அதற்கு முந்திய ஆண்டிலே, பாடசாலைகளில் இனப் பிரிவினை கூடாதென்ற நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தென் மாநிலத்தார் வெளியிட்ட அறிக்கையிலே கையொப்பமிட்டவர்களுள் புல்பிறைற்றும் ஒருவர். 1964 இல் குடியுரிமைச் சட்டத்தை இரண்டு மாதத்துக்கு மேலாகப் பேசிப் பேசியே தடுத்து வைத்தவர்களோடு நின்றார். 1965 இல் வாக்குரிமைச் சட்டத்துக்கும் எதிராக வாக்களித்தார். வியற்நாமியனுக்காக வருந்தத் தெரிந்த நெஞ்சுக்கு, தன் ஊரிலே பாடசாலை வாசலில் நின்ற சிறுமிக்காக வருந்தத் தெரியவில்லை. வருந்தினால் ஆசனம் போய்விடும்.

அமெரிக்காவின் ஆளும் வட்டாரம் என்றால் முரட்டு மூடர் கூட்டம் என்று எண்ணாதீர்கள். புல்பிறைற் போன்ற பண்பாளர்களாலும் ஆனதுதான் அது.

இங்கேதான் நமக்கு நெருப்பைத் தொடுவது போன்ற கேள்வியொன்று எழுகின்றது. அத்தென்மாநிலத்தார் எந்த வாதத்தை எடுத்தனர்? மாநில உரிமை. எங்கள் மாநிலத்தை நாங்களே ஆள்வோம், மத்திய அரசு தலையிடாதே என்பது அவர்கள் கோஷம். சமஷ்டி கேட்டு 1949 முதல் போராடிய இனத்தவர் நாம். நம் மேடைகளிலே சுவிற்சர்லாந்தும் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் உதாரணங்களாக முழங்கின. அவ்வுதாரணம் நல்ல உதாரணந்தான். 3 கோடி 90 இலட்சம் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 இலட்சம் பேர் கூட இல்லாத வயோமிங்குக்கும் செனற் சபையிலே ஒரே அளவு, இரண்டு ஆசனம். எண்ணிக்கையாலே நசுக்கப்படும் நமக்கு அது தேனாக இனிக்கின்றது. ஆனால் அந்த இரண்டு ஆசனத்தின் மறைவிலேதான் தென்மாநில வெள்ளையர் தம் நடுவே வாழ்ந்த கறுப்பின மக்களை நூறாண்டு வாக்கின்றி வைத்திருந்தனர். 1931 இலே இந்நாட்டிலே ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். அலபாமாவின் கறுப்பினத்தவர் பெரும்பாலார் அதற்குப் பின்னும் 34 ஆண்டு காத்திருந்தனர். தற்பெருமை கொள்ளவேண்டாம். அந்தச் சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தவர்களுள் நம் சேர். பொன். இராமநாதன் அவர்கள் தலையாயவர். 1948 இலோ மலைநாட்டுத் தமிழர் குடியுரிமையைப் பறித்து, அடுத்த ஆண்டிலே வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கிய பாராளுமன்றம் இந்நாட்டுப் பாராளுமன்றமே.

1968 இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாசலை நினைத்துப் பாருங்கள். உள்ளே சென்று கும்பிட வந்த நம் சகோதரர் சாதியின் பேரால் மறிக்கப்பட்டனர். 1957 இன் சமூகக் குறைபாடு ஒழிப்புச் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. மறித்தவர்களின் தலைவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேரறிஞர், முன்னாள் மந்திரி, ஈழத் தமிழருக்குத் தனி அரசு வேண்டுமென்று முதன்முதல் குரல் எழுப்பியவர்களுள் ஒருவர். லிற்றில் றொக் பாடசாலை வாசலுக்கும் மாவிட்டபுரக் கோயில் வாசலுக்கும் எவ்வளவு தூரம்? தமிழரசுக் கட்சி அந்நாளிலே எடுத்த நிலை துணிவான நிலையென்று நாம் சொல்லமாட்டோம். கட்சியின் மூத்த அன்பர்கள் இங்கே இருக்கின்றீர்கள், கோபிக்கவேண்டாம்.

ஆகவே சமஷ்டியைக் கைவிடுவோமா? ஒருபோதுமில்லை. கொழும்பின் ஒற்றையாட்சி நமக்குச் செய்ததை அறிந்த எவரும் அதைச் சொல்லார். நாம் சொல்வது இது: நம் மாகாணத்துக்கு அதிகாரங் கேட்கும் அதே சாசனத்திலே, அந்த மாகாணத்துக்குள் நம்மினும் வலிமை குறைந்தவர்க்கு, சாதியால் தாழ்த்தப்பட்டோர்க்கும், 1990 இலே இரண்டொரு நாளிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும், வன்னியிலே குடியேறிய மலையகத்தார்க்கும் நாம் என்ன காப்புத் தருகின்றோம் என்பதும் எழுதப்பட வேண்டும். எழுதாத சமஷ்டி, அலபாமாவின் சமஷ்டி.

கமக்கார நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1970 க்கும் 1977 க்கும் இடையிலே இறக்குமதி தடைப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விளைந்தன, கல்வீடுகள் எழுந்தன. 1977 இலே ஜே. ஆர். ஜயவர்த்தனா சந்தையைத் திறந்தார். இறக்குமதி வந்து குவிந்தது. தோட்டக்காரர் தலையிலே கைவைத்தனர். திறந்த சந்தையே உயர்ந்த நெறியென்று உலகுக்கு உபதேசித்த வாசிங்டன், தன் நாட்டு அயோவாச் சோளக்காரனுக்கும் கன்சாசுக் கோதுமைக்காரனுக்கும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் மானியங் கொடுத்துவந்தது. மிஞ்சிய தானியத்தை 1954 இன் 480 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உதவியென்று உலகெங்கும் அனுப்பிற்று. நம் வீட்டிலே பாண் புகுந்து புட்டைத் துரத்திய கதையிலே அதற்கும் பங்குண்டு. ஏன் அந்தச் சோளக்காரனுக்கு இவ்வளவு செல்வாக்கு? அவன் மாநிலத்துக்கும் செனற்றர் இருவர். நம் வெங்காயக்காரனுக்கு எந்தச் செனற்றர்?

2025 ஏப்ரலில் நடந்தது இன்னும் விந்தை. இலங்கைப் பொருட்களுக்கு நூற்றுக்கு 44 வீதம் தீர்வை என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. கணக்கு எப்படி? நமக்கும் அவர்களுக்குமிடையே உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, நாம் அங்கே விற்கும் பொருளின் பெறுமதியால் வகுத்தனர், 88 வந்தது, பாதியாக்கினர். எட்டாம் வகுப்புப் பையன் செய்யும் கணக்கு! வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் சோறு அந்தக் கணக்கிலே தொங்கிற்று. ஆகஸ்டிலே அது 20 வீதமாகக் குறைக்கப்பட்டது; கொழும்பு பெருமூச்சு விட்டது. குளக் நம் பிரதமரின் பெயரை அறியாமல் வந்தார்; இவர்கள் அப்பெண்களை அறியாமலே கணக்கை முடித்தார்கள்.

நம் சொந்த வழக்கு வாசிங்டனில் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்வோம், உங்களுக்குத் தெரிந்ததே. 1997 இலே விடுதலைப் புலிகள் இயக்கத்தைக் கிளின்ரன் அரசு பயங்கரவாதப் பட்டியலிற் சேர்த்தது. 2009 மே 13 இல் ஜனாதிபதி ஒபாமா இரு தரப்புக்கும் வேண்டுகோள் விடுத்தார். ஆறு நாளுக்குள் முள்ளிவாய்க்காலிலே எல்லாம் முடிந்தது. 2010 இலே, பட்டியலிலுள்ள இயக்கத்தார்க்குச் சமாதான வழியிலே பிணக்கைத் தீர்க்கப் பயிற்சி கொடுப்பதும் குற்றமே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலே நம் பெயரும் குர்தியர் பெயரும் இருந்தன. அந்தத் தடைக்காக வாதாடியது ஒபாமாவின் அரசு. பின்னர் 2012, 2013, 2014 இலே ஜெனீவாவில் இலங்கைமீது தீர்மானங் கொணர்ந்ததும் அதே அரசுதான். அத்தீர்மானங்கள் வீணென்று நாம் சொல்லோம். அவை இல்லாதிருந்தால் நம் தாய்மாரின் கண்ணீர் எந்த ஏட்டிலும் ஏறியிராது. ஆனால் 2018 ஜூனிலே அமெரிக்கா மனித உரிமைப் பேரவையை விட்டு வெளியேறிற்று, பின் திரும்பிற்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் விலகிற்று. நம் வழக்கை எடுத்தவர் நீதிமன்றத்தையே விட்டுப் போய்விட்டார். அவர் போனது நமக்காகவுமன்று, நமக்கெதிராகவுமன்று. நாம் அந்தக் கணக்கிலே இல்லவேயில்லை.

முற்போக்காளரை நம்பலாமா என்பது இளைஞர்களின் கேள்வி. 2025 நவம்பரில் நியூயோர்க் மாநகரத்தார் சோரான் மம்தானி என்ற இளைஞரை நகர முதல்வராகத் தெரிந்தனர். பெருஞ்செல்வர் அவரை வீழ்த்தப் பணத்தைக் கொட்டினர். அவரோ வீட்டு வாடகை, பஸ் கட்டணம், குழந்தைப் பராமரிப்பு என்று பேசி, சிறு தொகை கொடுத்தோரைக்கொண்டே வென்றார். சென்னையிலே பிறந்த பிரமீளா ஜெயபால் காங்கிரசின் முற்போக்குக் குழுவுக்கு 2025 தொடக்கம் வரை தலைமை வகித்தார். இவை நற்செய்திகள். ஆனால் அவர் சென்னையிற் பிறந்தார் என்பதற்காக மகிழ்பவர் மீண்டும் துளசேந்திரபுரத்துப் பட்டாசைத்தான் கொளுத்துகின்றார். அவரும் அவர் தோழரும் பணத்தின் பிடியிலிருந்து தேர்தலை விடுவிக்கவும், உதவியைக் கம்பனியின் கசையாக்குவதை நிறுத்தவும் பாடுபடுகின்றார்களா என்று பார்த்து மகிழ்வோமாயின் அது அரசியல்.

நம்மவர் அமெரிக்காவிலே வைத்தியராய், பொறியியலாளராய், கணக்காளராய் இருக்கின்றனர். அவர்கள் விருந்து வைத்துக் காங்கிரஸ் அங்கத்தவரை அழைத்து, படம் எடுத்து நமக்கு அனுப்புகின்றனர். அந்த விருந்துக்கும் குளக்கின் முப்பதாயிரம் டொலருக்கும் இனத்தால் வேறுபாடில்லை, அளவால் மட்டுமே. பணத்தால் வாங்கும் செல்வாக்கை நம்மினும் அதிகம் கொடுப்பவன் நாளை வாங்கிவிடுவான். இலங்கை அரசு வாசிங்டனிலே கூலிக்குப் பரிந்துரைப்போரை அமர்த்தியது உங்களுக்குத் தெரியும். அதனினும், அவர்கள் வாழும் ஊரின் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் வாடகைக் குடியிருப்பாளர் கூட்டத்துக்கும் போய், அங்குள்ளோர் வழக்கிலே தோள்கொடுத்துவிட்டு, பிறகு நம் வழக்கைச் சொல்வது மெதுவான வேலை. ஆனால் அதை ஏலத்திலே யாரும் எடுக்க முடியாது. இந்தக் கருத்தைக் கடிதமாக எழுதி அங்குள்ள நம் சங்கங்களுக்கு அனுப்புவதென்று அமைப்பாளர்கள் இன்று ஒரு தீர்மானம் வைத்திருக்கின்றனர். அதிலே மாவிட்டபுரத்தைக் குறிக்கும் வாசகத்தை எடுத்துவிடவேண்டும் என்று சிலர் கேட்டிருக்கின்றார்கள். அது இருக்கவேண்டும் என்பது நம் நிலை. வாக்கெடுப்பை உங்களிடம் விடுகின்றோம்.

வாக்கெடுப்பின் முன் கேள்விகள் இருப்பின் கேளுங்கள். கமக்கார அன்பர்களுக்குத் திரும்புவதற்கும் இரவு பஸ் இருக்கின்றது. ஆதலால் அவர்கள் முதலிலே கேட்கட்டும்.